பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சி யாருக்காக?

நமது பள்ளிக்கூடங்களில் தேகப்பயிற்சி என்கின்ற பெயரால் நடந்து வருகின்ற காரியமானது, பத்துப் பிள்ளைகள் விளையாடுவதை நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஏற்பட்ட வேடிக்கையே தவிர வேறல்ல என்று நாம் துணிந்து சொல்லுகின்றோம். இப்படிச் சொல்லுவதனால் சில ஆசிரியத் தோழர்களுக்கு நம்மீது கோபம் வரலாம். வந்தாலும் சரி, கோபித்துக் கொண்ட பிறகாவது நாம் சொல்லுவது மெய்யா பொய்யா என்று தங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தை ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும் என்றே கேட்டுக்கொள்ளுகின்றோம்.

எட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? நேர அட்டவணையில் வாரத்திற்கு இரண்டு “பி.டி. பீரியடு” என்று எழுதியிருக்கும். அதில் ஒன்றைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக் கொண்டிருப்பார். இந்தக் கடன் ஒருநாளும் திரும்பி வராத கடன். பத்தாவது, பன்னிரண்டாவது வகுப்புக்களிலோ கடனும் இல்லை, பீரியடும் இல்லை, பரீட்சை என்ற பெயரால் அது அடியோடு விழுங்கப்பட்டுவிடும். மிஞ்சிய ஒரு பீரியடில் ஒரு பந்து வெளியே வரும். ஓடத் தெரிந்த நாலு பையன்கள் அதைப் பிடுங்கிக் கொள்வார்கள். குண்டான பையனும், மெலிந்த பையனும், திக்குவாய்ப் பையனும், கால் சரியில்லாத பையனும் சுவர் ஓரத்தில் நிற்பார்கள். பெண் பிள்ளைகள் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து பேசிக் கொண்டிருப்பார்கள். மணி அடிக்கும். தேகப்பயிற்சி முடிந்தது! இது விருத்தாசலத்திற்கு மாத்திரம் உள்ள வியாதியல்ல, நாடெங்கும் உள்ள வியாதியே என்பதால் எந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரையும் நாம் இங்கே சொல்லப் போவதில்லை.

இந்த வியாதிக்குக் காரணம் என்ன? பந்து இல்லாததும் மைதானம் இல்லாததும் மாத்திரமா? அல்ல. அசல் காரணம் நமது மூளையில் இருக்கின்றது. உட்கார்ந்து ஓதுகின்றவன் மேலானவன், உடம்பை அசைத்துப் பாடுபடுகின்றவன் கீழானவன் என்று நமக்குப் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கின்றது. அந்தப் பாடத்தைத்தான் பள்ளிக்கூடமும் இன்றைக்கு வேறு வார்த்தையில் நடத்துகின்றது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினவன் புத்திசாலி. நன்றாக ஓடுகின்றவன் “படிப்பு வராத பையன்.” இரண்டும் ஒரே உடம்பின் வேலைதானே, மூளை என்பது உடம்புக்கு வெளியே எங்காவது தொங்குகின்றதா என்று யாராவது கேட்டதுண்டா?

இதில் பெற்றோர்கள் ஒரு சமாதானம் சொல்லுகின்றார்கள். “எங்கள் பிள்ளைதான் லீவு நாளில் வயலில் இறங்குகிறானே, தண்ணீர்க் குடம் தூக்குகிறாளே, அவர்களுக்குத் தனியாக ஒரு பயிற்சி எதற்கு?” என்கின்றார்கள். இது பாடுபடுகின்ற மக்கள் கேட்கும் கேள்வியாதலால் மரியாதையாகவே பதில் சொல்ல வேண்டும். வேலை வேறு, பயிற்சி வேறு. வேலையில் உடம்பு வேலைக்காக வளைகின்றது, பயிற்சியில் உடம்பு தனக்காகவே வளைகின்றது. நமது ஊர்ப் பீங்கான் பட்டறையில் நாளெல்லாம் குனிந்து மண் சுமக்கின்ற தோழருக்கு முதுகு வலி வருகின்றதே தவிர முதுகு பலப்படுகின்றதா? நாற்று நடுகின்ற தாய்மாருக்கு இடுப்பு வலி குறைகின்றதா? ஒரே அவயவத்தை ஒரே விதமாக மணிக்கணக்கில் வேலை வாங்குவதற்குப் பெயர் தேய்மானம். எல்லா அவயவங்களையும் மாறி மாறி, மகிழ்ச்சியோடு, மூச்சு வாங்கும்படி இயக்குவதற்குப் பெயர்தான் பயிற்சி. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது வேண்டாம் என்பது, அவன் வயிறு பழகிவிட்டது, ஆகையால் சோறு வேண்டாம் என்பதைப் போன்றது.

நிற்க, இனித் தேகப்பயிற்சி ஆசிரியர் என்பவர் யார், அவர் வேலை என்ன என்பதைக் கவனிப்போம். நமது தேசத்தில் தேகப்பயிற்சி வாத்தியாருக்கு உதாரணமாக யாரைக் காட்டுகின்றார்கள் தெரியுமா? துரோணாச்சாரியாரை! சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு இந்திய சர்க்கார் 1985-ஆம் வருஷம் முதல் கொடுத்து வருகின்ற விருதுக்கே “துரோணாச்சாரியார் விருது” என்றுதான் பெயர். இந்தத் துரோணர் செய்த வேலை என்ன? பாரதக் கதையையே எடுத்துக் கொள்ளுங்கள். வேடர் குலத்துப் பையன் ஏகலைவன் வில் வித்தை கற்க வந்தான். உனக்குக் கற்றுக் கொடுக்க முடியாது என்று விரட்டினார். பையன் காட்டில் தானாகவே கற்றுக் கொண்டு, ராஜகுமாரனுக்கும் மேலாகத் தேறினான். உடனே வாத்தியார் தேடிப் போய், கற்றுக் கொடுக்காத பாடத்திற்குக் கூலியாக அவனுடைய வலது கைக் கட்டைவிரலை வெட்டி வாங்கினார்.

இதைக் கதை என்று தள்ளிவிடலாம் என்றால், நாம் தள்ளிவிடத் தயார். ஆனால் அந்தப் பெயரை எடுத்து நல்ல பயிற்சியாளருக்கு மாலையாகச் சூட்டினால் சும்மா இருப்பது எப்படி? இரவு பகலாகப் பாடுபட்டு ஏழைப் பிள்ளைகளை முன்னுக்குக் கொண்டு வந்த பயிற்சியாளர்கள் பலர் அந்த விருதை வாங்கியிருக்கின்றார்கள். அவர்களை நாம் வணங்குகின்றோம். அவர்களுக்குக் கட்டைவிரல் வாங்கினவர் பெயரைச் சூட்டுவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்றுதான் சொல்லுகின்றோம். துரோணர் காட்டில் இருந்தாலும் மைதானத்தில் இருந்தாலும் செய்கின்ற வேலை ஒன்றுதான். முன்னமே தேறினவனைத் தேற்றுவதும், தேற வேண்டியவனைத் துரத்துவதுமே அது. “நீ ஓரமாய் நில்” என்று ஒரு பையனைப் பார்த்துச் சொல்லுகின்ற ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டைவிரல் வெட்டப்படுகின்றது. ரத்தம் வராததனால் நமக்குத் தெரிவதில்லை.

இதற்கு மாறான வாத்தியாரும் நமது நாட்டிலேயே இருக்கின்றார். சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு என்ற பிள்ளைக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. அவனுடைய தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். அந்தப் பையனைப் பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சி ஆசிரியர் சுவர் ஓரத்தில் நிற்க வைக்கவில்லை, உயரம் தாண்டிப் பார் என்று தூண்டினார். 2016-இல் ரியோ நகரத்துப் பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டி அவர் தங்கப் பதக்கம் வாங்கினார். அதற்குப் பிறகு டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிசில் வெண்கலமும் வாங்கினார். பதக்கத்திற்காக நாம் இதைச் சொல்லவில்லை. பதக்கமே வாங்காமல் இருந்திருந்தாலும் அந்த ஆசிரியர் செய்தது சரியான வேலையே. காலைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தாரே, அதுதான் தேகப்பயிற்சி ஆசிரியரின் முதல் யோக்கியதை.

அடுத்தபடியாக டிரில் விஷயம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒன்று இரண்டு மூன்று என்று கையைத் தூக்கச் சொல்லி இறக்கச் சொல்லுவதே தேகப்பயிற்சி என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கின்றார்கள். இந்த வழக்கம் பட்டாளத்திலிருந்து வந்தது. ஜெர்மனியில் யான் என்பவர் 1811-இல் பெர்லினுக்கு வெளியே இளைஞர்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்ததே நெப்போலியனை எதிர்த்துச் சண்டை செய்ய ஆள் தயாரிப்பதற்குத்தான். பட்டாளத்துக்காரனுக்குச் சொன்னதைச் செய்கின்ற உடம்பு வேண்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கோ தானாக யோசித்துச் செய்கின்ற உடம்பு வேண்டும். 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியை ஏற்படுத்தி ஆசிரியர்களைத் தயாரிக்க ஆரம்பித்து நூறு வருஷத்திற்கு மேலாகின்றது. அப்படி இருந்தும் சுதந்திர தினத்தன்று கலெக்டர் பார்ப்பதற்காக ஒரு மாதம் வெயிலில் பிள்ளைகளைக் கையாட்ட வைப்பதையே தேகப்பயிற்சி என்று நினைக்கின்ற புத்தி நம்மை விட்டுப் போகவில்லை.

நமது ஊர்த் தோழர்களுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. பீங்கான் பொம்மை எப்படிச் செய்யப்படுகின்றது? குழம்பாகக் கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகின்றார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, மண் சுவரோடு ஒட்டி இறுகுகின்றது. மிஞ்சின குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டால் பொம்மை தயார். நூறு பொம்மையும் ஒரே முகம், நூறு பொம்மைக்கும் உள்ளே ஒன்றுமில்லை! பொம்மைக்கு அது நல்ல முறை, அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. பிள்ளைகளையும் அந்த அச்சில்தான் ஊற்றுவோம் என்றால், அதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு, பட்டறை போதாதா என்று கேட்கின்றோம்.

இனித் தண்டனை விஷயம். வீட்டுக் கணக்கு எழுதாத பையனுக்கு என்ன தண்டனை? மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடு! நேரம் கழித்து வந்த பெண்ணுக்கு? ஐம்பது தோப்புக்கரணம்! ஓடுவதைத் தண்டனையாகக் கொடுத்த பிறகு, அந்தப் பிள்ளை ஓட்டத்தை எப்படி விரும்பும்? கணக்குச் சரியாகப் போடாதவனுக்குத் தண்டனையாகப் பத்துப் பாட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் தமிழ் வாத்தியார் சும்மா இருப்பாரா? 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு பள்ளிக்கூடத்தில் உடலை வருத்துகின்ற தண்டனையையும் மனதை வருத்துகின்ற தொல்லையையும் தடுத்திருக்கின்றது. பிரம்பை ஒளித்து வைத்துவிட்டு மைதானத்தைப் பிரம்பாக்கிக் கொண்டால் சட்டம் நிறைவேறிவிட்டதாக ஆகிவிடுமா?

தோப்புக்கரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையாருக்கு முன் காதைப் பிடித்துக் கொண்டு போட்டதை, வெளிநாட்டில் யாரோ ஒருவர் “மூளைக்கு யோகம்” என்று இங்கிலீஷில் பெயர் வைத்ததும், “பார்த்தீர்களா, நமது முன்னோர் விஞ்ஞானம்!” என்று குதிக்கின்றார்கள். உட்கார்ந்து எழுந்தால் தொடைக்கும் முழங்காலுக்கும் நல்லது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் காதைப் பிடித்தால் மூளை வளரும் என்பதற்கு ருஜு எங்கே? காது பிடித்து மூளை வளர்வதானால், பள்ளிக்கூடத்தில் அதிகமாகக் காது பிடித்த பையனே முதல் மார்க்கு வாங்கியிருக்க வேண்டாமா? அவன்தானே கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றான்!

இவையெல்லாவற்றிலும் பெரிய அநியாயம் பெண்மக்களுக்கு நடப்பதுதான். உலக சுகாதார ஸ்தாபனம் 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தினம் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படி இயங்க வேண்டும் என்கின்றது. ஆனால் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் உலகத்தில் நூற்றுக்கு 81 பேர் அவ்வளவு இயங்குவதில்லை என்று 2016-ஆம் வருஷத்துக் கணக்கைக் கொண்டு ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். அதிலும் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளே அதிகம் முடங்கியிருக்கின்றார்கள். நமது தமிழ்நாட்டிலோ 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ரத்தமில்லாத உடம்பு, அதற்கு மேல் அசைவுமில்லாத வாழ்க்கை என்றால் அந்தப் பெண் நாளைக்கு எப்படிப் பிள்ளை பெறுவாள், எப்படிப் பாடுபடுவாள், முக்கியமாக, எப்படித் தன் காலில் நிற்பாள்?

வயது வந்த பெண் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, மாதவிடாய் நாளில் மைதானத்துக்கு வரக்கூடாது, அது “தீட்டு” என்கின்றார்கள். மாதவிடாய் என்பது உடம்பின் இயற்கை வேலை. வலி அதிகமாக இருக்கின்ற பெண் உட்காரட்டும், அது அவள் இஷ்டம். வலி இல்லாத பெண்ணை உட்கார வைக்கப் பாட்டிக்கும் உரிமையில்லை, வாத்தியாருக்கும் உரிமையில்லை. பெண் ஓடினால் பையன்கள் கேலி செய்கின்றார்களே என்றால், கேலி செய்கின்றவனுக்கு அல்லவா பாடம் நடத்த வேண்டும்? பெண்ணை வகுப்பறையில் பூட்டுவது எந்த நியாயம்?

ஜாதியும் மைதானத்தை விட்டுவைக்கவில்லை. பல்வாங்கர் பாலு என்ற தாழ்த்தப்பட்ட வகுப்புத் தோழர் பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதான வேலை செய்து கொண்டே பந்து வீசக் கற்றவர். 1911-இல் இந்தியக் குழுவோடு இங்கிலாந்துக்குப் போய் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். அப்படிப்பட்டவருக்குச் சொந்தக் குழுவில் என்ன மரியாதை? மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். ஆனால் தேத்தண்ணீர் வேளையில் அவருக்கு மாத்திரம் வெளியே, உடைத்தெறியும் மண் குவளையில்! மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பையில்! இந்துக்கள் குழுவிற்குத் தலைவராக அவரைக் கடைசிவரை ஆக்கவில்லை. பெரும் போராட்டத்திற்குப் பிறகு 1923-இல்தான் அவர் தம்பி விட்டலுக்கு அந்த ஸ்தானம் கிடைத்தது. பீங்கான் கோப்பை செய்கின்ற ஊர்க்காரர்களாகிய நாம், மண்ணில் ஜாதி இல்லை, குடிக்கிறவன் மூளையில்தான் ஜாதி இருக்கின்றது என்பதை அறியாதவர்களா?

அது பழங்கதை என்று சொல்லித் தப்பித்துக் கொள்ள முடியாது. பிள்ளைகள் கையில் ஜாதிக்கு ஒரு நிறமாகக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வருகின்ற கொடுமையைப் பற்றி, 2023-இல் நாங்குநேரியில் நடந்த வெட்டுக்குப் பிறகு சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்து, அந்தக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று சொல்லிற்று. இந்தக் கயிற்றை அறுக்க மைதானத்தைவிட நல்ல இடம் வேறு ஏது? சடுகுடு என்பது தொடாமல் ஆட முடியாத ஆட்டம். காலைப் பிடிக்க வேண்டும், இடுப்பைப் பிடிக்க வேண்டும், ஒருவன் வியர்வை மற்றவன்மேல் பட வேண்டும். ஆனால் அணியைப் பிரிக்கின்றபோதே தெருவுக்குத் தெரு பிரித்துவிட்டால், அந்த ஆட்டமே ஜாதிச் சண்டைக்கு ஒத்திகையாகிவிடும். ஆகையால் அணி பிரிப்பதுதான் ஆசிரியர் நடத்துகின்ற முதல் பாடம். அதை வாரந்தோறும் மாற்றிப் பிரிக்க வேண்டும்.

இதெல்லாம் சரி, உங்கள் வழிதான் என்ன என்று கேட்கலாம். நாம் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினவர்களல்ல. என்றாலும் சாதாரண அறிவுக்கு எட்டுகின்ற முறையில் நாம் சொல்லுவது இதுதான்.

முதலாவது, பீரியடு நடக்கின்றபோது ஒரு பிள்ளைகூடச் சும்மா நிற்கக் கூடாது. ஐம்பது பேருக்கு ஒரு பந்து என்றால் பந்தாட்டம் ஆடாதீர்கள். கிளித்தட்டு, நொண்டி, கோ-கோ, சடுகுடு இவற்றிற்குப் பந்தும் வேண்டாம், பணமும் வேண்டாம், தரையில் கோடு கிழிக்க ஒரு குச்சி போதும்.

இரண்டாவது, ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட்டு மார்க்குப் போடாதீர்கள். ஆடி மாதத்தில் ஐந்து அடி தாண்டினவன் தை மாதத்தில் ஆறு அடி தாண்டினால் அவன் தேறினவன். பத்தடி தாண்டுகின்றவன் பத்தடியிலேயே நின்றால் அவனுக்குத்தான் பாடம் பாக்கி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி இதை எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது, பசித்த பிள்ளையை ஓட்டக்கூடாது, வெயிலில் ஓட்டக்கூடாது, தண்ணீர் இல்லாமல் ஓட்டக்கூடாது. 1920-இல் சென்னை நகரசபையில் நீதிக்கட்சியார் ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் போட்ட சோறு முதல், 2022-இல் ஆரம்பித்த காலைச் சிற்றுண்டி வரை எல்லாம் தேகப்பயிற்சியின் முதல் பாகமே.

நான்காவது, ஓட்டமும் உட்கார்ந்தெழுதலும் எந்தக் குற்றத்திற்கும் தண்டனையாகக் கூடாது.

ஐந்தாவது, பெண் பிள்ளைகளுக்கும் அதே பீரியடு, அதே மைதானம், ஓடுவதற்கு ஏற்ற உடை.

ஆறாவது, இந்தப் பீரியடை யாரும் கடன் வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது.

ஆள் எங்கே, இடம் எங்கே என்பார்கள். நியாயமான கேள்விதான். கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையிலேயே பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுச் சாமான் வேண்டும், 6 முதல் 8 வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளியில் தேகப்பயிற்சிக்குப் பகுதி நேர ஆசிரியராவது வேண்டும் என்று எழுதியிருக்கின்றது. தமிழ்நாட்டில் 2012-இல் தேகப்பயிற்சி, ஓவியம், கைத்தொழில் முதலியவற்றிற்காக 16,549 பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தார்கள். சம்பளம் பிறகு சிறிது சிறிதாக உயர்ந்தது. ஆனால் அரை வயிற்றுச் சம்பளத்தில் அரை நேரம் வருகின்ற ஆசிரியரிடம் முழு மனிதனை உண்டாக்கித் தரச் சொல்லுவது எப்படி? அந்தத் தோழர்கள் நிரந்தர வேலை கேட்டுப் பல தடவை தெருவில் உட்கார்ந்தது தங்களுக்காக மாத்திரமல்ல, உங்கள் பிள்ளைகளுக்காகவும்தான் என்பதைப் பெற்றோர்கள் உணர வேண்டும்.

கடைசியாக விருத்தாசலம் தாலுகாத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டுகின்ற வழக்கம் நமது பக்கத்தில் உண்டு. பிள்ளை நோஞ்சானாக இருக்கின்றான், பெண் சோகை பிடித்திருக்கின்றாள் என்றுகூட எழுதிக் கட்டுகின்றவர்கள் இருக்கலாம். பிராது எழுதுவதை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. எழுதத் தெரிந்தது நல்லதுதான், விலாசத்தை மாத்திரம் மாற்றுங்கள் என்கின்றோம். ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கூடத்திலும் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கின்றது. அதில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோர்கள், பாதிப்பேர் பெண்கள். அந்தக் குழுவுக்கு எழுதுங்கள்: “எங்கள் பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை தேகப்பயிற்சி பீரியடு? போன மாதம் எத்தனை நடந்தது? எத்தனை பேர் ஓடினார்கள், எத்தனை பேர் ஓரத்தில் நின்றார்கள்? ஓரத்தில் நின்றவர்களில் எங்கள் பிள்ளை உண்டா?”

இந்த நாலு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். சாமி பதில் சொல்லாவிட்டால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. தலைமை ஆசிரியரும் சர்க்காரும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.